கண்ணுக்குள் சேரும் வண்டல்

கல்லிடைக்குறிச்சி வீட்டில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆச்சி கூப்பிடுவாள். "ஏட்டி, இது கருப்பா நீலமா, பார்த்துச் சொல்லு." கையில் இருப்பது நல்ல கருநீலச் சேலை. பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் கேட்பாள். அப்போது அவளுக்கு 75 வயது தாண்டியிருந்தது. தனியாகக் கோயிலுக்குப் போய் வருவாள், பேப்பரில் தலைப்புச் செய்தி வாசிப்பாள். அரிசியில் கல் பொறுக்குவது மட்டும் நின்றுபோயிருந்தது. வீட்டில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "வயசானா கண்ணு அப்படித்தான்."

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. வயதாவதால் கண்ணுக்குள் என்னதான் நடக்கிறது? நீலம் ஏன் முதலில் போகிறது? ஒருவருக்கு 55 வயதிலேயே புரை விழுகிறது, இன்னொருவர் 80 வயதிலும் ஊசியில் நூல் கோக்கிறார், இது எதனால்? கடந்த நாற்பது ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியில் இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடைகள் கிடைத்திருக்கின்றன. நான் புரிந்துகொண்ட வரையில் அவற்றின் சாரம் இதுதான். கண்ணில் உள்ள புரதங்கள் நாள்தோறும் கெடுகின்றன. கெட்டதை அகற்றும் வேலையும் நாள்தோறும் நடக்கிறது. அந்த அகற்றும் வேலை, கெடும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கத் தொடங்குவதைத்தான் நாம் கண்ணின் மூப்பு என்கிறோம்.

பிறக்கும் முன் செய்த புரதம்

கண் பாப்பாவுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவில், கண்ணாடி போலத் தெளிவாக, ஒரு லென்ஸ் இருக்கிறது. அதில் ரத்தக்குழாயே கிடையாது. இருந்தால் வெளிச்சத்தை மறைத்துவிடும். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம். உடம்பில் பெரும்பாலான இடங்களில் புரதம் இவ்வளவு நெருக்கமாக அடைந்திருப்பதில்லை. அந்தப் புரதங்களில் பெரும்பகுதிக்கு கிரிஸ்டலின் என்று பெயர். ஆல்பா, பீட்டா, காமா என்று அதில் மூன்று குடும்பங்கள் உண்டு. இவ்வளவு அடர்த்தியாக இருந்தும் லென்ஸ் தெளிவாக இருப்பதற்குக் காரணம், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் ஒழுங்காக அடுக்கி நிற்பதுதான். அடுக்கு குலைந்து கட்டி தட்டினால் உள்ளே வரும் ஒளி சிதறும். அதைத்தான் கண்புரை என்கிறோம்.

லென்ஸ் வாழ்நாள் முழுக்க வளர்கிறது, வெங்காயம் மாதிரி. புது அடுக்கு வெளியே சேரும், பழையது உள்ளே தள்ளப்படும். உள்ளே போகும் செல்கள் முதிரும்போது தங்கள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, புரதம் செய்யும் ரைபோசோம் என்று எல்லாவற்றையும் கரைத்துவிடுகின்றன. தெளிவுக்காகக் கொடுக்கும் விலை அது. அதற்குப் பிறகு அந்தச் செல்லால் புதிதாக ஒரு புரதம்கூடச் செய்ய முடியாது. அப்படியென்றால் லென்ஸின் நடுவில் இருக்கும் புரதம் நாம் அம்மா வயிற்றில் இருந்தபோது செய்தது. தோல் மாறுகிறது, ரத்தம் மாறுகிறது, எலும்புகூட மெல்ல மெல்லப் புதுப்பிக்கப்படுகிறது. ஆச்சியின் லென்ஸின் நடுப்பகுதியோ சுதந்திரத்துக்கு முன்னால் செய்யப்பட்டது. முக்கால் நூற்றாண்டு அதே சரக்கோடுதான் அவள் உலகத்தைப் பார்த்தாள்.

இதற்கு அழகான ஒரு நிரூபணம் இருக்கிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தபோது காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அது பயிர் வழியாக உணவுக்கும், உணவு வழியாக உடம்புக்கும் வந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2008இல் மனித லென்ஸின் கிரிஸ்டலினில் அந்தக் கார்பனை அளந்தார்கள். அதைக்கொண்டு அந்த மனிதர் எந்த ஆண்டு வாக்கில் பிறந்தவர் என்றே கணிக்க முடிந்தது. பிறந்த நேரத்துக் காற்றின் அடையாளம் அழியாமல் உள்ளே இருந்திருக்கிறது. கிரீன்லாந்துச் சுறா 272 ஆண்டுக்குக் குறையாமல் வாழக்கூடியது என்று 2016இல் அறிந்ததும் அதன் கண் லென்ஸில் இருந்த கார்பனை வைத்துத்தான்.

வாழைக்காயும் மோர்த்தண்ணீரும்

எங்கள் பக்கம் வாழைக்காய், வாழைத்தண்டு நறுக்கினால் உடனே தண்ணீரிலோ மோர்த்தண்ணீரிலோ போடுவார்கள். வெளியே வைத்தால் கருத்துவிடும். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் செய்யும் வேலை அது. உடம்புக்குள்ளும் ஆக்சிஜன் இப்படி வேலை செய்கிறது. வாழைக்காயில் நடப்பதும் கண்ணில் நடப்பதும் ஒரே வேதிவினை இல்லை என்றாலும் இரண்டும் ஆக்சிஜனேற்றம்தான்.

ஆக்சிஜன் இல்லாமல் செல் வாழாது. ஆனால் அதைப் பயன்படுத்தும்போதும், வெயில் பட்டு ஒளிவினை நடக்கும்போதும், சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற துடுக்கான துணைப்பொருள்கள் உருவாகின்றன. இவை கையில் கிடைத்த புரதத்தையும் கொழுப்பையும் தாக்கும். லென்ஸில் இவை முக்கியமாகக் குறிவைப்பது புரதத்தில் உள்ள கந்தகப் பகுதிகளை. இரண்டு புரதங்களின் கந்தகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால், தனித்தனியாக நின்றவை கொத்தாகிவிடும். தாக்கும் பொருள்கள் ஒரு பக்கம், தடுக்கும் பொருள்கள் மறுபக்கம். தாக்குதலின் கை ஓங்கும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

கண் இதற்குக் காவல் இல்லாமல் இல்லை. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் நீர்மத்தில், ரத்தத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய 20 மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. லென்ஸுக்குள்ளேயே குளுட்டதையோன் என்ற ஒரு சிறிய மூலக்கூறு ஏராளமாக உண்டு. மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்தது அது. புரதத்துக்கு விழவேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், பிறகு பழையபடி மீட்டெடுக்கப்படும். சிக்கல் என்னவென்றால் இது வெளி அடுக்குகளில்தான் உருவாகிறது, அங்கிருந்து நடுவுக்குப் போய்ச் சேரவேண்டும். நடுவயதுக்கு மேல் அந்தப் போக்குவரத்து மந்தமாகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராத வயல் மாதிரி நடுப்பகுதி காய ஆரம்பிக்கிறது.

ஆக்சிஜன்தான் முக்கியக் குற்றவாளி என்பதற்கு ஆய்வகத்தை விட அறுவை அரங்கம் தெளிவான சாட்சி சொல்கிறது. லென்ஸுக்குப் பின்னால் கண்ணை நிரப்பியிருக்கும் கூழ் போன்ற விட்ரியஸ், விழித்திரையின் ஆக்சிஜன் லென்ஸை அடையாமல் தடுத்து வைக்கிறது. விழித்திரைக் கோளாறுக்காக அந்தக் கூழை அகற்றினால், 50 வயது தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டே ஆண்டில் லென்ஸின் நடுவில் புரை வந்துவிடுகிறது. அழுத்தமூட்டிய ஆக்சிஜன் அறையில் மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இதே வகைப் புரை வந்ததை 1984இல் பதிவு செய்தார்கள். வயதானால் எல்லோருக்கும் அந்தக் கூழ் கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துப்போகிறது. அதோடு தடுப்பும் தளர்கிறது.

தூர் வாரும் வேலை

இனிதான் நான் அதிகம் சொல்ல விரும்பும் பகுதி. புரை என்றால் "புரதம் கெட்டுப்போச்சு" என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் புரதம் கெடுவது எப்போதும் நடப்பது, இருபது வயதிலும் நடப்பது. இளம் வயதில் அது தங்குவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள், அதிலிருந்து கால்வாய்கள், கால்வாய் நிரப்பும் குளங்கள். தண்ணீர் வந்தால் வண்டலும் கூடவே வரும், அதை நிறுத்த முடியாது. கோடையில் குளம் வற்றும்போது தூர் வாரினால் அடுத்த வருஷம் குளம் தண்ணீர் கொள்ளும். வாரிய கரம்பையும் வீணாவதில்லை, வயலுக்கு அடிப்பார்கள். பத்து வருஷம் தூர் வாராமல் விட்டால் அதே மழைக்கு அதே குளம் பாதித் தண்ணீர்கூடக் கொள்ளாது.

செல்லுக்குள் தூர் வாருவதற்கு ஒரு முறையான ஏற்பாடு இருக்கிறது. கெட்டுப்போன புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதம் அடையாளச் சீட்டு மாதிரி ஒட்டப்படுகிறது. அதில் மொத்தம் 76 அமினோ அமிலங்கள்தான். சீட்டு ஒட்டிய சரக்கு, புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ இயந்திரத்துக்குப் போகும். அது புரதத்தை உருவி உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கும். துண்டுகள் பிறகு அமினோ அமிலங்களாகி, புதுப் புரதம் செய்யத் திரும்ப வரும். வாரிய கரம்பை வயலுக்குப் போகிற கதைதான். இந்தச் சீட்டு முறையைக் கண்டறிந்ததற்காக ஆரன் சீஹனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கண் லென்ஸிலும் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது என்பதையும், வயதாக ஆக அது எப்படித் தடுமாறுகிறது என்பதையும் அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் டெய்லர் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இலேசாக ஆக்சிஜனேற்றம் அடைந்த புரதம் கொஞ்சம் அவிழ்ந்து தளர்ந்திருக்கும். புரோட்டியசோம் அதை நல்ல புரதத்தைவிட வேகமாகப் பிடித்து நறுக்கிவிடும். சரியான நேரத்தில் வாரினால் வேலை எளிது. ஆனால் கடுமையாகத் தாக்கப்பட்டு, ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிட்ட புரதம் பீப்பாய்க்குள் நுழையாது. நுழையாததோடு விடாமல், வாயில் சிக்கி அடைத்துக்கொள்ளவும் செய்யும். மதகில் அமலைச்செடி அடைத்துக்கொண்டால் பின்னால் வரும் தண்ணீர் எல்லாம் தேங்குமே, அதேதான். அதற்கு மேல் ஒன்று: புரோட்டியசோமும் ஒரு புரதக் கூட்டம்தான். ஆக்சிஜனேற்றம் அதையும் தாக்கும். தூர் வாரும் மண்வெட்டியே மழுங்கிவிடுகிறது. வண்டல் கூடக் கூட வாருவது குறைகிறது, வாருவது குறையக் குறைய வண்டல் கூடுகிறது. புரை வருஷக்கணக்கில் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு சட்டென்று முற்றுவது போலத் தோன்றுவதற்கு இந்தச் சுழல் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

லென்ஸின் நடுவில் நிலைமை இன்னும் மோசம். மழுங்கிய இயந்திரத்துக்குப் பதில் அங்கே புதிது செய்ய வழியில்லை. அதனால் அங்கே வேறு ஒரு உத்தி இருக்கிறது. ஆல்பா கிரிஸ்டலினுக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு. தளர்ந்துபோன மற்றப் புரதங்களை அணைத்துப் பிடித்து, கட்டி தட்டாமல் காக்கும். ஜோசப் ஹார்விட்ஸ் 1992இல் இதைக் காட்டினார். ஆனால் கையிருப்பு அளவானது. பிடித்ததை அது விடுவதில்லை, விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போவதும் இல்லை. 40, 50 வயதுக்குள் நடுப்பகுதியில் சும்மா இருக்கும் ஆல்பா கிரிஸ்டலின் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. வெள்ளெழுத்து வரும் வயதும் அதுதான் என்பதைக் கவனியுங்கள். லென்ஸ் விறைத்துப்போய் கிட்டத்தில் இருப்பதற்கு ஏற்ப வளைய முடியாததுதான் வெள்ளெழுத்து. இரண்டும் ஒரே கதையின் அடுத்தடுத்த அத்தியாயம் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

எல்லாச் சிதைவும் நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கால்பெயின் என்று ஒரு நொதி இருக்கிறது. லென்ஸில் கால்சியம் கூடினால் விழித்துக்கொண்டு, நல்ல கிரிஸ்டலினையும் கண்டபடி வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகளே கட்டி தட்டும். எலிகளில் சில வகைப் புரைகளுக்கு இதுதான் காரணம். குளத்தில் தூர் வாருகிறேன் என்று கரையை வெட்டினால் என்னாகும்?

தோசை சிவப்பதும் லென்ஸ் பழுப்பதும்

தோசை ஓரத்தில் சிவந்து முறுகுவது சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் வினை. 1912இல் லூயி மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தது. கல்லில் ஒரு நிமிஷத்தில் நடப்பது, உடம்புச் சூட்டில் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு லென்ஸில் நடக்கிறது. நீரிழிவு இருந்தால் வேகம் கூடும். சர்க்கரை ஏறிய லென்ஸில் இன்னொரு தொல்லையும் உண்டு. குளுக்கோஸின் ஒரு பகுதி சார்பிட்டால் என்ற பொருளாக மாறுகிறது. அது வெளியே போகமுடியாமல் தங்கி நீரை இழுக்கிறது. அதோடு, குளுட்டதையோனை மீட்டெடுக்கத் தேவையான அதே எரிபொருளையும் அந்த வினை செலவழிக்கிறது. ஆக, தாக்குவது கூடி, தடுப்பது குறைகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. "கருப்பட்டி போட்டா சுகர் ஏறாது" என்று உடன்குடி முதல் பாளையங்கோட்டை வரை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கருப்பட்டி நம் மண்ணின் பொருள், மணமும் ருசியும் வேறு எதற்கும் வராது. ஆனால் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். ரத்தத்துக்குப் போனால் அதுவும் சர்க்கரைதான். நீரிழிவுக்காரர் கணக்கில் வைத்தே குடிக்க வேண்டும்.

லென்ஸ் மஞ்சளாவதற்குச் சர்க்கரை மட்டும் காரணம் இல்லை. புற ஊதாக் கதிரை வடிகட்ட லென்ஸ் சில சிறு பொருள்களை வைத்திருக்கிறது. இளமையில் நல்ல காவல். வயதானால் அவையும் சிதைந்து புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நிறமேற்றுகின்றன. வெளிர்மஞ்சள் அடர்மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். மஞ்சள் கண்ணாடி நீல ஒளியைத்தான் முதலில் மறைக்கும். ஆச்சிக்கு நீலச் சேலை கருப்பானது அப்படித்தான்.

ஒரு கண்ணில் அறுவை முடிந்து வந்த மூன்றாம் நாள் ஆச்சி அந்தச் சேலையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடினாள், திறந்தாள், மறுகண்ணை மூடினாள். "இந்தக் கண்ணுக்கு நீலம், இந்தக் கண்ணுக்குக் கருப்பு. இத்தனை நாளா எதையெல்லாம் தப்பாப் பார்த்தேனோ" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எத்தனை வருஷம் அவள் கேட்ட கேள்விக்கு நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

தினமும் காலையில் நடக்கும் துப்புரவு

கண்ணின் பின்சுவரில், விழித்திரையில், கதையே வேறு. லென்ஸ் எதையும் தூக்கிப்போட முடியாத இடம் என்றால், இது ஓயாமல் தூக்கிப்போடும் இடம். ஒளியை உணரும் செல்களின் நுனி வெயிலிலும் ஆக்சிஜனிலும் நாளெல்லாம் அடிபடுகிறது. அந்த நுனியில் இருக்கும் கொழுப்பும் மிக எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைகிற வகை. அதனால் ஒவ்வொரு நாளும் நுனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கழற்றி விடப்படுகிறது, அடியிலிருந்து புதிது வளர்கிறது. பத்து நாளுக்கொருமுறை முழுதும் புதுசு. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் செல்களில் இந்தக் கழற்றல் காலை வெளிச்சம் வந்த கையோடு மும்முரமாக நடக்கிறது. நாம் கோலம் போடும் நேரத்தில் கண்ணுக்குள்ளும் பெருக்கும் வேலை நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கழற்றியதை விழுங்கிச் செரிப்பது பின்னால் இருக்கும் நிறமிச் செல் வரிசை. ஒருமுறை உருவானால் அந்தச் செல்கள் பெரும்பாலும் பெருகுவதில்லை. ஒரே செல் எழுபது எண்பது வருஷம் தினமும் இந்தக் குப்பையைச் செரித்தாக வேண்டும். புரோட்டியசோம் மட்டும் போதாது, செல் தன் கழிவைப் பையில் சுற்றி எரிக்கும் தன்னுண்ணல் என்ற முறையும் வேண்டும். அதை விளக்கியதற்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். செரிக்காமல் மிஞ்சுவது லிப்போஃபசின் என்ற மஞ்சள்பழுப்புக் கசடாகச் செல்லுக்குள் தங்குகிறது. அந்தக் கசடு ஒளி பட்டால் தானே புதிதாகத் துடுக்குப் பொருள்களை உண்டாக்கும். செல்லுக்கு அடியிலும் டுருசன் என்ற மஞ்சள் திட்டுகள் படிகின்றன. பார்வையின் நடுப்புள்ளியான மாக்குலா இப்படித் தேய்வதுதான் முதுமை மாக்குலா சிதைவு. புரையை எடுத்துவிடலாம், இதை எடுக்க முடியாது.

மாத்திரையால் தடுக்கலாமா

ஆக்சிஜனேற்றம்தான் காரணம் என்றால் அதைத் தடுக்கும் வைட்டமின் மாத்திரை போட்டால் போதுமே என்று யாருக்கும் தோன்றும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து கிராமங்களில் 35 முதல் 50 வயதுக்குட்பட்ட 798 பேருக்கு ஐந்து ஆண்டு பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ கொடுத்தும், வெற்று மாத்திரை கொடுத்தும் ஒப்பிட்டார்கள். 2006இல் முடிவு வந்தது: புரை முற்றுவதில் எந்த வித்தியாசமும் இல்லை. அமெரிக்காவின் பெரிய ஆய்வு 2001இல் சொன்னதும் அதுவே. வைட்டமின், துத்தநாகக் கூட்டு மாத்திரை புரையைத் தடுக்கவில்லை. ஆனால் மாக்குலா சிதைவு நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்கு அது முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பை ஏறக்குறைய கால் பங்கு குறைத்தது. 2013இல் அந்தக் கூட்டில் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டின், சியாசாந்தின் என்ற இரண்டு மஞ்சள் நிறமிகளைச் சேர்த்தார்கள். புகைப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்று தெரிந்திருந்தது.

தூர் பற்றிச் சொன்னதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. வைட்டமின் புது வண்டலைக் கொஞ்சம் குறைக்கலாம், படிந்ததை அது வாராது. ஆகவே கடையில் "கண் மாத்திரை" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை விடுவது நல்லது. அது குறிப்பிட்ட நிலையில் உள்ள நோயாளிக்கு டாக்டர் எழுதித் தரவேண்டிய மருந்து. லூட்டின் முருங்கைக்கீரையிலும் பொன்னாங்கண்ணியிலும் முட்டை மஞ்சளிலும் இருக்கிறது, அதைச் சாப்பிட யாரையும் கேட்க வேண்டாம்.

புரையைக் கரைக்கும் சொட்டு என்று தேன், தாய்ப்பால், செடிச்சாறு விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முக்கால் நூற்றாண்டு பின்னிய புரதக் கட்டியை இவை கரைக்காது, கண்ணில் புண்ணாக்கும். 2015இல் லானோஸ்டிரால் என்ற பொருள் நாய்களின் புரையைத் தெளிய வைத்ததாக வந்த செய்தி பெரிய நம்பிக்கை கொடுத்தது. அறுவையில் எடுத்த மனிதப் புரையை அந்தக் கரைசலில் ஊறவைத்துப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. இன்று வரை புரைக்கு மருந்து அறுவைதான். இதைவிடக் கவலை தருவது ஸ்டீராய்டு சொட்டு. கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விட்டால், இளம் வயதிலேயே புரையைக் கொண்டுவரும், கண் அழுத்தத்தையும் ஏற்றும்.

வெயில், புகை, நம் ஊர்

வண்டல் வரும் வழியைக் குறைக்க முடியும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 மீனவர்களை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். வாழ்நாளில் வாங்கும் புற ஊதா பி கதிர் இரண்டு மடங்கானால், லென்ஸின் வெளி அடுக்குகளில் வரும் புரையின் அபாயம் 60 சதவீதம் கூடியது. இதைப் படித்தபோது எனக்கு உவரியும் கூத்தங்குழியும்தான் கண்முன் வந்தன. கடல் மேலிருந்தும் கீழிருந்தும் வெளிச்சம் அடிக்கிற தொழில். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் நிற்கிறவர்களுக்கும், உப்பளத்தில் வாருகிறவர்களுக்கும் அதே நிலைதான். அகல விளிம்புத் தொப்பி, புற ஊதா தடுக்கும் கண்ணாடி இரண்டும் சேர்ந்தால் கண்ணுக்குப் போகும் கதிரில் பெரும்பகுதியைத் தடுக்கும். தலையில் கட்டும் துண்டு நெற்றியைக் காக்கும், கண்ணைக் காக்காது.

புகை இன்னும் பெரிய விஷயம். பீடியோ சிகரெட்டோ, புகைப்பவருக்கு நடுப்பகுதிப் புரையும் மாக்குலா சிதைவும் கூடுதலாக வருகின்றன. மாக்குலா சிதைவில் அபாயம் இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல். இது நாமே உள்ளே இழுத்து விடும் ஆக்சிஜனேற்றம். விறகடுப்பில் சமைத்த பெண்களுக்குப் புரை அதிகம் என்று இந்திய ஆய்வுகள் காட்டுகின்றன. கேஸ் அடுப்பு இருந்தும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு எரிக்கும் வீடுகளில், அந்த அடுப்பையாவது வெளியே வைக்கலாம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் 50 வயது தாண்டியவர்களை ஊர் ஊராகப் பரிசோதித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில் பார்வையிழப்புக்கு முதல் காரணமாக இருந்தது கண்புரை. இத்தனைக்கும் கண் சிகிச்சையில் இந்தச் சீமைக்குப் பெரிய உறவு உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு அந்தக் கையையே பழக்கி அறுவை செய்தவர். திருநெல்வேலியில் அவர்கள் மருத்துவமனை 1988இல் வந்தது. அவர்களுடைய ஆரோலேப் 1992 முதல் செயற்கை லென்ஸைக் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கியது. அப்புறமும் பலர் தாமதமாகப் போவதற்குக் காரணம் "புரை முத்தட்டும்" என்ற பழைய பேச்சு. முன்பு முழு லென்ஸையும் எடுத்த காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இப்போது முற்றவிட்டால் லென்ஸ் கல்லாகிப் பழுப்பாகி அறுவைதான் கடினமாகும்.

வைக்கும் லென்ஸ் புரதம் இல்லை. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் சில்லு கண்ணுக்குத் தொந்தரவு தராமல் தங்கியதை ஹரால்ட் ரிட்லி கவனித்து, 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். அது கிரிஸ்டலின் மாதிரி கட்டி தட்டாது. சிலருக்குக் கொஞ்ச காலம் கழித்துப் பார்வை மறுபடி மங்கும். லென்ஸைத் தாங்கும் பழைய உறையில் மிஞ்சிய செல்கள் படர்வதால் வருவது அது. லேசரில் சில நிமிஷத்தில் சரியாகும்.

புரை இருந்தவரை ஆச்சியின் விழித்திரையை டாக்டரால் சரியாகப் பார்க்க முடியவில்லை. லென்ஸ் மாற்றிய பிறகுதான் மாக்குலாவில் சில மஞ்சள் திட்டுகள் தெரிந்தன. கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார்கள். கோடு வளைந்து தெரிந்தால் அன்றைக்கே வரவேண்டும். தாள் எங்கேயோ போய்விட்டது. ஆச்சி ஜன்னல் கம்பியைப் பார்க்கிறாள். காப்பி குடித்ததும் ஒரு உள்ளங்கையால் கண்ணை மூடி, அப்புறம் மறுகண்ணை மூடி, கம்பிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எனக்குக் கேட்கும்படி சொல்வாள்: "நேராத்தான் இருக்கு."